தேதி முடிந்த பாக்கெட்டும் தேதியே இல்லாத மீன்குழம்பும்

கேரள எல்லையோரத்துக் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அலமாரியை ஒதுக்கும்போது தேதி முடிந்து பத்து நாளான கோதுமை மாவு, மூன்று வாரமான ரஸ்க், கல்ஃபிலிருந்து கொழுந்தன் கொண்டுவந்த சூரை மீன் டின், பிரிக்காத டெட்ரா பேக் பால் எல்லாம் கிடைத்திருக்கின்றன. கணவர் அத்தனையையும் தூக்கிப் போடச் சொல்கிறார். மாமியார், "முகர்ந்து பாரு, வாடை இல்லேன்னா எடுத்துக்கோ" என்கிறார். வீட்டில் கைக்குழந்தை ஒன்று உண்டு. யார் சொல்வதைக் கேட்பது?

உணவுப் பதனிடும் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த நான்கு பொருளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நீங்கள் கேள்வியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன இன்னொரு விஷயம்தான் கவலை தருகிறது: மத்தியானம் வடித்த சோறும் குழம்பும் ராத்திரி வரை அடுப்புமேடையில்தான் இருக்கும் என்கிறீர்களே, அது. வயிற்றைக் கெடுக்கிற உணவு பெரும்பாலும் தேதி அச்சடித்து வருவதில்லை.

முதலில் அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு பொருளை விற்பனைக்கு விடுமுன் கம்பெனி அதன் மாதிரிகளைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்து, நாளுக்கு நாள் எடுத்துப் பார்க்கும். சுவை எப்போது இறங்குகிறது, மொறுமொறுப்பு எப்போது போகிறது, எண்ணெய் எப்போது சிக்கு வாடை அடிக்கிறது, கிருமி எண்ணிக்கை எப்போது ஏறுகிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு நாளைத் தேர்ந்து போடும். ஆக, அந்தத் தேதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பாக்கெட் பிரியாமல், லேபிளில் சொன்னபடி குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் இருந்தால்தான் அந்தத் தேதி செல்லும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் பிரித்து, வாயை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்த மாவுக்கு அச்சடித்த தேதி இனி ஒரு பொருட்டல்ல. பிரித்த நாளை ஒரு பேனாவால் பாக்கெட் மேல் எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் வீட்டுத் தேதி.

முன்பெல்லாம் பிஸ்கட், மாவு, மசாலாப் பாக்கெட்டுகளில் 'பெஸ்ட் பிஃபோர்' என்று மட்டும் இருக்கும். அதற்குப் பொருள், அந்த நாள் வரை நல்ல சுவையில் இருக்கும் என்பதுதான். 2020-இல் வந்த லேபிள் விதிகளின்படி தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும், 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதியும் கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' வேண்டுமானால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். விற்பவருக்கு இது தெளிவான கோடு: அந்த நாள் தாண்டினால் கடையில் இருக்கக் கூடாது. ஆனால் வாங்கி வீட்டில் வைத்திருப்பவருக்குக் குழப்பம் கூடிவிட்டது. உப்புப் பிஸ்கட்டிலும் அதே சொல், பன்னீரிலும் அதே சொல். பிஸ்கட் தேதி தாண்டினால் நமுத்துப்போகும், பன்னீர் தாண்டினால் ஆஸ்பத்திரி வரை போகலாம். அதனால் எந்தப் பொருள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கோதுமை மாவுக்கு வருவோம். முழுக் கோதுமையில் முளைப் பகுதியும் அரைபடுவதால் அதில் கொஞ்சம் எண்ணெய் உண்டு. அது காறிப்போகும். மைதாவைவிட ஆட்டா சீக்கிரம் கெடுவது இதனால்தான். பத்து நாள் என்பது பெரிய விஷயமில்லை. சலித்துப் பாருங்கள். வண்டு, புழு, மாவைக் கோத்துப் பிடித்த மாதிரி மெல்லிய இழை, கட்டி, பூஞ்சண வாடை எதுவும் இல்லாவிட்டால் ஒரு சப்பாத்தி சுட்டுப் பாருங்கள். கசந்தால் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். ரஸ்க்கும் அப்படியே, மொறுமொறுப்பாக, சிக்கு வாடை இல்லாமல் இருந்தால் பெரியவர்கள் டீயில் நனைத்துச் சாப்பிடலாம்.

டெட்ரா பேக் பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி, கிருமி புகாத முறையில் அடைக்கிறார்கள். அதனால்தான் பிரிக்கும்வரை ஃபிரிட்ஜ் வேண்டியதில்லை. சில நாள் தாண்டியும் உப்பாமல், ஒழுகாமல் இருந்தால் அதில் நடப்பது பெரும்பாலும் சுவை மாற்றம்தான்: கெட்டிப்படும், லேசாகக் கசக்கும். கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்து, காய்ச்சி, நன்றாக இருந்தால் பெரியவர்களுக்கு டீ போடலாம். குழந்தைக்கு வேண்டாம். பிரித்த பிறகு அதுவும் சாதாரணப் பால்தான், ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டும்.

கல்ஃப் டின்னில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தேதி எழுதும் முறை. நம் நாட்டில் நாள், மாதம், வருடம் என்று வரும். அமெரிக்கச் சரக்கில் மாதம் முன்னால் வரும். 03/08 என்பது நமக்கு ஆகஸ்ட் 3, அவர்களுக்கு மார்ச் 8. கல்ஃப் கடைகளில் எல்லா நாட்டுச் சரக்கும் கிடைக்கும் என்பதால் டின் எந்த நாட்டில் செய்தது என்று பார்த்துவிட்டுத் தேதியைப் படியுங்கள். இரண்டாவது, டின்னின் உடம்பு. மூடியோ அடியோ உப்பியிருந்தால், விளிம்பு ஒட்டில் நசுங்கியிருந்தால், ஒட்டுவழியே துரு ஏறியிருந்தால், திறக்கும்போது பீய்ச்சி அடித்தால், தேதி இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். நாக்கில் வைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். காற்றுப் புகாத டின்னுக்குள் வளரக்கூடிய பாட்டுலினம் என்ற கிருமியின் நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடிய நஞ்சு அது. டின் ஒழுங்காக இருந்து தேதி மட்டும் கொஞ்சம் தாண்டியிருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

இப்போது மாமியாரின் மூக்குக்கு வருகிறேன். அவருடைய அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பால் திரிவது, குழம்பு ஊசிப்போவது, சோறு நூல் விடுவது, எண்ணெய் காறுவது எல்லாம் அவருக்குப் பத்தடி தள்ளியே தெரிந்துவிடும். அந்த வாடைகளைக் கிளப்புவது உணவை அழுகவைக்கிற கிருமிகள். ஆளை நோயில் தள்ளுகிற கிருமிகள் வேறு கூட்டம். சால்மோனெல்லா, ஷிகெல்லா, லிஸ்டீரியா எல்லாம் ஓர் உணவில் இருந்தால் வாடையும் வராது, நிறமும் மாறாது, ருசியும் கெடாது. மூக்கு 'வேண்டாம்' என்றால் கட்டாயம் கேளுங்கள். 'சரி' என்றால் அதை மட்டும் நம்பிச் சாப்பிடாதீர்கள்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? நேரம், வெப்பம், ஈரம், புளிப்பு. இந்த நான்கும்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் நன்றாகப் பெருகும். நம் ஊர் அடுப்புமேடை வருடம் முழுக்க இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. சமைத்த உணவை வெளியே வைப்பதற்கு உலகம் முழுக்கப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 2 மணி நேரம். வெயில் கடுமையான நாளில் 1 மணி நேரம். அதற்குள் சாப்பிட வேண்டும், அல்லது ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

"அதான் ராத்திரி நல்லாச் சூடு பண்ணிடுறோமே" என்று பலரும் சொல்வார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. சோறு ஆறி, அறை வெப்பத்தில் மணிக்கணக்காக இருக்கும்போது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். பிறகு நீங்கள் சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் சேரும் ஸ்டஃபைலோகாக்கஸும் அப்படித்தான், அதன் நஞ்சும் கொதியில் போகாது. சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குபுகுபுவென்று வாந்தி எடுத்தால் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சூடாக்குவது, ஒழுங்காக எடுத்துவைத்த உணவுக்குத்தான் பாதுகாப்பு. கெட்டதை நல்லதாக்க அதற்குச் சக்தி இல்லை.

அப்படியானால் நம் பழங்கஞ்சி? அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். சோறு ஆறினதும் தண்ணீர் ஊற்றி முக்கிவைக்கிறோம். தண்ணீருக்குள் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு இடம் குறைகிறது. மத்தியானம் வடித்து, ராத்திரி வரை சும்மா கிடந்து, படுக்கப் போகும்போது மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் அது அந்தப் பழங்கஞ்சி ஆகாது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் போன அந்த ஏழெட்டு மணி நேரம் கணக்கில் இருக்கிறது. காலையில் வழுவழுப்பாகவோ நிறம் மாறியோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

மீன்குழம்பும் அதே கணக்குத்தான். 'மறுநாள் மீன்குழம்புக்குத்தான் ருசி' என்பது உண்மை. மண்சட்டியில் குடம்புளியோ வாளம்புளியோ தாராளமாகப் போட்டு வற்றவைத்த குழம்பு கொஞ்சம் தாங்கும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்போ, தேங்காய்ப்பால் விட்டதோ அந்தளவு தாங்காது. எதுவானாலும் எனக்குப் பிடித்த வழி, மறுநாளைக்கு வேண்டியதைச் சட்டியிலிருந்து முதலிலேயே தனியாக எடுத்து, உயரம் குறைந்த பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைப்பது. பெரிய சட்டியை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகும். வெளியே குளிர்ந்தும் உள்ளே வெதுவெதுப்பாகவும் கிடக்கும் சட்டி கிருமிக்கு நல்ல வசதி. மறுநாள் எடுக்கும்போது சாப்பிடும் அளவை மட்டும் எடுத்துக் குமிழி விட்டுக் கொதிக்கவிடுங்கள். மூன்று நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம்.

குழம்புக்கு முன்னால் மீன். தேங்காய்ப்பட்டணத்திலோ குளச்சலிலோ கரையில் வாங்குகிற மீன் வேறு, லாரியில் நாள்கணக்காகப் பயணம் செய்து சந்தைக்கு வரும் மீன் வேறு. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் சோதனை நடத்தியது. அமரவிளை, வாளையார், ஆரியங்காவு செக்போஸ்டுகளில் ஆயிரக்கணக்கான கிலோ மீன் பார்மலினுக்காக (பிணம் கெடாமல் வைக்கப் பயன்படுத்தும் ரசாயனம்) பிடிபட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம், பார்மலினையும் அம்மோனியாவையும் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டைச் சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அது கையில் இல்லாவிட்டால் கண்ணையும் விரலையும் நம்புங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: நல்ல சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். சிலர் செவுளில் நிறம் பூசுவதும் உண்டு, ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். கண் வெளியே தள்ளி, தெளிவாக இருக்க வேண்டும். முதுகை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். உடம்பு விறைத்துக் கட்டையாக இருந்து, கடல் வாடையே இல்லாமல், ஈக்கூட அண்டாமல் கிடந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அயிலை, சாளை, சூரை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். வறுத்தாலும் வேகவைத்தாலும் டின்னில் அடைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். நாக்கில் மிளகு போலச் சுர்ரென்று உறைக்கும் மீனை அதோடு நிறுத்திவிடுங்கள். பலர் இதை 'எனக்கு சூரை ஒத்துக்காது' என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். குற்றம் ஐஸ் இல்லாத அந்த நாலைந்து மணி நேரத்தில் இருந்திருக்கலாம்.

ஓட்டல் பார்சலுக்கும் நேரம்தான் முக்கியம். காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் 2022 மே மாதம் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் ஜனவரியில் கேரள அரசு, பார்சலின் மேல் எப்போது தயாரித்தது, எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி உத்தரவிட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸையும் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் அதே மயோனைஸுக்கு ஒரு வருடத் தடை போட்டது. பாறசாலையில் வாங்கினாலும் மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் நீங்களே பார்சல் மேல் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "ராத்திரி வாங்குன பரோட்டா சால்னா காலையில இருக்கு" என்றால் அது எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. மேசையில் என்றால் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெட்டில் ஒரு ஓரம் பூஞ்சணம் பூத்திருந்தால் முழுவதையும் போட்டுவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத வேர் உள்ளே ஓடியிருக்கும். நிலக்கடலையிலும் கொப்பரையிலும் பூஞ்சணம் வந்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரலாம். அது ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. துடைத்து வெயிலில் போட்டு எண்ணெய் ஆட்டக் கொடுக்காதீர்கள். முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது அதன் வயதைச் சொல்லும், உள்ளே சால்மோனெல்லா இருக்கிறதா என்பதைச் சொல்லாது. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைப்பதுதான் வழி. மார்த்தாண்டம் தேன் உறைந்துபோனால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகும். ஆனால் ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன், எந்தத் தேதியில் வாங்கியதானாலும், ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. நான் மேலே சொன்ன பாட்டுலினத்தின் வித்து அதில் இருக்கலாம். குழந்தைகளுக்கான பால்பவுடரில் தேதி முடிந்தால் பேச்சே வேண்டாம், அதைக் கொடுக்கக் கூடாது. சத்தின் அளவுக்கும் அந்தத் தேதிதான் உத்தரவாதம். கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால், நான் மேலே 'பெரியவர்கள் சாப்பிடலாம்' என்று சொன்ன சலுகை எதையும் அவர்களுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் பகுதியில் கரண்ட் போவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் நாள்கணக்காக விளக்கே எரியவில்லை. அதுபோன்ற சமயத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். நிறைய அடைத்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். அதற்கு மேல் போனால் மீன், இறைச்சி, பால், பன்னீர், மிச்சக் குழம்பு எதையும் நம்ப வேண்டாம். ஊறுகாய், சட்னிப்பொடி இருக்கட்டும். கடை ஃப்ரீசரையும் இதே கண்ணோடு பாருங்கள். ஐஸ்கிரீம் டப்பா கோணி, உள்ளே மூடி ஓரமாக முள் முள்ளாக ஐஸ் படிந்திருந்தால் அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. தேதி எவ்வளவு பாக்கி இருந்தாலும் வாங்காதீர்கள். விடியற்காலை வந்த பால் பாக்கெட்டுகள் கடைவாசலில் டிரேயோடு வெயில் ஏறும்வரை கிடந்தால் அந்தக் கடையில் பால் வாங்குவதையே யோசியுங்கள்.

வாங்கும்போது தேதியின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, அச்சைச் சுரண்டி அழித்திருந்தாலோ, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாவிட்டாலோ வைத்துவிட்டு வாருங்கள். தெரியாமல் வாங்கிவிட்டால் பாக்கெட்டைத் தூக்கிப் போடுமுன் தேதியும் தொகுதி (பேட்ச்) எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு: கடை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத் துறையிடம்தான் புகார் போக வேண்டும். களியக்காவிளைக் கடை என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. பாறசாலைக் கடை என்றால் கேரளத் துறையின் இலவச எண் 1800 425 1125.